விறகுக் கொட்டிலுக்குள் காயாத துணி

றாஹிலாவுக்கு அந்த வாடையை நினைத்தாலே குமட்டும். மாதத்தீட்டுத் துணி ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்பது கல்முனையில் அவள் உம்மா வீட்டு ஒழுங்கு. உம்மா கொடுத்த சீதன வீட்டிலும் அதையே கடைப்பிடித்தாள். புருஷன் இடுப்பில் உடுத்துக் கழித்த பழைய சாரத்தைக் கிழித்து எடுத்த துண்டுகளைக் கழுவி, விறகுக் கொட்டிலுக்குள் சாக்குக்கு அடியில் விரிப்பாள். மாரி மழையில் அங்கே எது காயும்? கரப்பான் ஓடும், பூஞ்சணம் பிடிக்கும். சீ, மனிசர் உடுக்கிற துணியா அது!

எண்பத்திரண்டாம் ஆண்டு மாரியில் மகள் கைருன்னிஸாவும் அதை ஈரத்தோடு கட்டியதில் தொடையிடுக்கு உரிந்து சீழ் வைத்துவிட்டது. பிள்ளை காலை அகட்டி அகட்டி நடந்தாள்.

இத்தனைக்கும் புருஷன் ஹமீட்டுக்குப் பசாரில் கடை. மேல்தட்டில், பெண்கள் மாதத்தீட்டுக்கு வைக்கும் பேட் பெட்டிகள் இருந்தன. நேர்ஸ்மார் கேட்டால் கையால் தொடமாட்டான்; கொக்கித் தடியால் இழுத்து விழுத்தி, பேப்பரில் சுற்றித் தள்ளுவான். மகளுக்கு ஒன்று கொண்டுவரும்படி றாஹிலா கேட்டுக் கேட்டு வாய் நொந்தாள். அந்த அசிங்கம் வீட்டுக்குள் வராது என்றுவிட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை பகல், ஹமீட் சாப்பிட்டு எழும்பி வாய் கழுவக் கிணற்றடிக்குப் போனான். துடைக்கத் துவாய் இல்லை. பக்கத்துக் கொட்டிலில் சாக்குக்கு அடியில் தன் பழைய சாரத் துண்டின் நுனி தெரிந்தது. இழுத்தெடுத்து வாயைத் துடைத்தான். என்ன நாத்தம் என்று மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தான். அதைக் கண்ட கைருன்னிஸா முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அப்போதுதான் மனுஷனுக்கு விளங்கியது. குந்தியிருந்து தின்றதையெல்லாம் கக்கினான்.

றாஹிலா தண்ணீர்கூட அள்ளிக் கொடுக்கவில்லை. அவளுக்கும் அருவருப்புத்தான், அந்த மனுஷனில்.

“கழுவின துணிதான். ஒருக்கா வாயில பட்டதுக்கே இந்தப் பாடு. உங்கட மகள் அதத்தான் புண்ணுக்கு மேல வெச்சிக் கட்டுறாள்” என்றாள்.

பின்னேரம் ஹமீட் சைக்கிள் கரியரில் ஒரு பேட் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவிழ்த்து எடு என்று றாஹிலாவிடம் சொன்னான்.

“நீங்களே அவுத்து மகள்ற கையில குடுங்க.”

அவிழ்த்தான். கைருன்னிஸா தலை குனிந்தபடி வாங்கி, காலை அகட்டி அகட்டி அறைக்குள் போனாள். அந்த நடையை ஹமீட் அன்றைக்குத்தான் கண்டான்.