ஆதியம்மாள் மறைத்தது

கணவர் குடித்தே செத்த பிறகு, மாமல்லபுரத்தில் ஒரு பாரில் மீன் வறுக்கும் வேலைதான் ஆதியம்மாளுக்குக் கிடைத்தது. தெரிந்தால் மனசு ஒடிந்துபோவாள் என்று, கருங்குழியில் கட்டிக்கொடுத்த மகள் பானுமதியிடம் ஓட்டல் வேலை என்று சொல்லியிருந்தார்.

2006-ல் ஒரு மத்தியானம், பீர் வாங்கிய ஒருவருக்கு வறுத்த நெத்திலியைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். உட்கார்ந்திருந்தது மருமகன் அரவிந்தன். குடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்துதான் பெண் கேட்டிருந்தான்.

அவன் பதறி எழுந்தான். "அத்த, நீ இங்க இன்னா பண்றே?"

"வயித்துப் பொழப்பு. நீ இன்னா பண்றே?"

"பானுகிட்ட சொல்லிடாத அத்த. அது வூட்ட வுட்டே போய்டும்."

"நான் இங்க கீறத நீயும் சொல்லாத" என்றார். சொன்ன பிறகுதான், தன் வாயைத் தானே கட்டிக்கொண்டது உறைத்தது.

தட்டை வைத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினார். அவன் போகவில்லை. இன்னொரு பீர் கேட்கும் குரல் வந்தது.

மறுநாள் காலையில் பானுமதி போன் செய்தாள். "அவரு இப்போ குடியத் தொடுறதே இல்லம்மா. நான் குடுத்து வச்சவ."

"ஆமாம்மா" என்றார் ஆதியம்மாள்.