மூடி போட்டு எடுத்த படம்

செஞ்சிக்கோட்டை நெற்களஞ்சியத்தைப் பெருக்குகிறவள் நான். பகலிலும் உள்ளே கும்மிருட்டு. நரைத்த தாடிக்காரர் ஒருவர் அங்கே கேமராவோடு வந்தார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் என்னைப் படம் எடுத்தார். அவர் காட்டிய படத்தில் என் முகமெல்லாம் கேழ்வரகு தூவினாற்போலப் புள்ளி. உடனே கேமராவுக்கு மூடி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு படம் எடுத்தார்.

“இன்னா தம்பி, மூடிய தொறக்காமலே எடுக்கிற?”

“இருட்டுல கேமராவே தானா புள்ளி போடுது ஆயா. மூடி போட்டா அது மட்டும் விழும். மொத படத்துலேர்ந்து அத கழிச்சிட்டா உங்க மொகம் நிக்கும்.”

மறுவாரம் தெளிவான படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

செத்துப்போன என் மகன் வாசலில் “அம்மா” என்று கூப்பிடுவதுபோல் இன்னமும் கேட்கிறது. போய்ப் பார்த்தால் யாருமில்லை. என் காது தானாகப் போடுகிற புள்ளி. அவருக்கு அதையும் கழிக்கத் தெரிந்திருக்கலாம். கழிக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன்.