அக்கா படம் போட்ட ஃபிளெக்ஸ்

எங்கள் ஆஸ்டின் டவுன் சந்தில் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், கருமாதிக்கும் ஃபிளெக்ஸ். உழைத்தவர்கள் முகமெல்லாம் கீழே வரிசையாக வராவிட்டால் சண்டைதான். எச்.ஐ.வி. பரிசோதனை முகாமுக்கும் அதே மாதிரி அடித்துவிட்டார்கள், எங்கள் சங்கத்துப் புண்ணியவான்கள். சிவப்பு ரிப்பனுக்குக் கீழே கும்பிட்டபடி பக்கத்து வீட்டு அக்கா. வீடு வீடாகப் போய்ப் பெண்களை முகாமுக்கு அழைத்து வந்தவள் அவள்தான். அதற்கு மரியாதை செய்தார்களாம்.

அக்கா சமையல் வேலை செய்யும் அபார்ட்மெண்ட் அம்மா காரில் போகும்போது அதைப் பார்த்துவிட்டாள். அக்காவுக்கே அந்த நோய் என்று முடிவுகட்டி, இனி வர வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டாள். பீன்யா ஃபேக்டரியில் மாமாவின் கை நசுங்கியதிலிருந்து அக்கா சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. முகாமுக்கு ஏற்பாடு செய்தவள் நான். வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம். அக்காவை இழுத்துக்கொண்டு அந்த அபார்ட்மெண்டுக்குப் போனேன். அந்த அம்மா கம்பிக் கதவைத் திறக்கவேயில்லை. சமைப்பதால் இந்த நோய் யாருக்கும் ஒட்டாது என்று கன்னடத்தில் சொன்னேன், தெரிந்த இங்கிலீஷிலும் சொன்னேன். அதெல்லாம் தனக்குத் தெரியும் என்றாள். படித்தவளாம், தூ! தெரிந்தும், நோய் இல்லை என்ற ரிப்போர்ட்டைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வாளாம். வேலைக்காக அதைக் கேட்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது என்றேன். சட்டத்தை வெளியே போய்ப் பேசச் சொன்னாள்.

முகாமில் முதல் ஆளாக ரத்தம் கொடுத்தவள் அக்கா. நோய் இல்லை என்ற ரிப்போர்ட் அவள் இடுப்பிலிருந்த பர்ஸிலேயே மடித்துக் கிடந்தது. பாழாய்ப்போன வேலை, காட்டித் தொலைக்கட்டுமே என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. அக்கா பர்ஸை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

“காட்ட மாட்டேம்மா. இன்னிக்கு நான் காட்டினா நாளைக்கு எங்க சந்துல எல்லாரையும் கேப்பீங்க. சீக்கு இருக்கறவ எத்தக் காட்டுவா?”

உள்கதவையும் சாத்திக்கொண்டாள் அந்த அம்மா. வேலை போனது போனதுதான்.

சந்துக்கு வந்ததும் ஃபிளெக்ஸைக் கிழிக்கப் பாய்ந்தேன். சங்கத்தார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏணி கொண்டுவந்தார்கள். வாய்க்கு வந்தபடி அவர்களைத் திட்டிக்கொண்டே நான் ஏறப் போக, அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“கிழிக்காத, அவுத்து வை. அந்த அபார்ட்மெண்ட் கேட்டுக்கு எதிர்ல கட்டலாம். அடுத்த வாட்டி என் போட்டோவ இன்னும் பெருசாப் போடச் சொல்லு.”