சத்தமில்லாமல் வந்த மாப்பிள்ளைக் கார்

போன கிழமை ரொறன்ரோவில் ஒரு சந்தியில் சிவப்பு விளக்குக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பழைய வான் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன். உள்ளே யாரோ விரலால் மேசையைத் தட்டுவதுபோல டிக், டிக் என்று ஒரு சத்தம். "உவன்ரை வானிலை ஒரு ரப்பெற் தேஞ்சு போச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். "பச்சை விழுந்திட்டுது. நீங்கள் முதல் உங்கடை காரை எடுங்கோ" என்றாள். இத்தனை வருடமாகியும் இவளுக்கு எஞ்சின் விஷயம் ஒன்றும் ஏறவில்லை. உங்களுக்காவது சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எஞ்சினின் வயிற்றுக்குள் ஒரு தண்டு சுற்றிக்கொண்டிருக்கும். காம் சாவ்ற் என்பது அதுதான். அதில் முட்டையின் கூர்ப்பக்கம் மாதிரிப் புடைப்புகள் இருக்கும். நாங்கள் அவற்றை மூக்கு என்போம். மூக்கு சுற்றி வரும்போது தனக்கு மேலே நிற்கும் ஒரு சின்ன இரும்புக் குற்றியைத் தள்ளும். அந்தக் குற்றி ரப்பெற். அது தள்ள வால்வு திறக்கும், எஞ்சின் மூச்சு விடும். மூக்குத் தேய்ந்தாலோ குற்றியின் அடி குழிந்தாலோ மூச்சுக் குறையும், சத்தம் கூடும். இவ்வளவுதான். இந்த அறிவை வைத்துக்கொண்டு நான் ஒரு கலியாணத்தையே குழப்பப் பார்த்தவன்.

எண்பதுகளின் நடுவில், எங்கள் தீவு ஊரான சுருவிலில் என்னிடம் ஒரு பழைய இங்கிலீசுக் கார் நின்றது. காலையில் வெளிக்கிட்டுப் புளியங்கூடல், வேலணை என்று ஆட்களை அடைந்துகொண்டு பட்டினம் போவேன். அடைந்துகொண்டு என்பதைச் சும்மா சொல்லவில்லை. கதவைச் சாத்த வெளியே ஒருவர் நின்று தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் தீவில் ஒவ்வொரு காரையும் சத்தத்தை வைத்தே சனம் அறியும். என் கார் பக்கத்து ஊரில் வரும்போதே பெண்கள் தலையை வாரி முடித்து, கடகத்தையும் தூக்கிக்கொண்டு படலைக்கு வந்துவிடுவார்கள். அப்படி ஒரு தகரச் சத்தம். எனக்கு அதில் கூச்சம் ஒன்றும் இருக்கவில்லை. என் தங்கை வசந்திக்குக் கலியாணம் பேசும்வரை.

மாப்பிள்ளை புங்குடுதீவில் இறுப்பிட்டி, தபாற்கந்தோரில் உத்தியோகம். எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன்தான் தோழனாகப் போய் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து, வாசலில் கால் கழுவி உள்ளே அழைக்க வேண்டும். கார் வைத்திருக்கிற தமையன் வேறு யாருடைய காரில் போவான்? ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார், பட்டினத்தில் இருந்து தாங்களே ஒரு நல்ல கார் பிடிக்கிறார்களாம். அதையாவது பொறுத்திருப்பேன். வசந்தியும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

"உந்தச் சட்டியிலை அவரைக் கூட்டிக்கொண்டு வந்தியெண்டால், நான் மணவறைக்கு வரமாட்டன் அண்ணை."

"சத்தத்தை நிப்பாட்டினால்?"

"நிப்பாட்டிக் காட்டு, பாப்பம்."

அன்றைக்கே மாமனுக்குச் சொல்லி அனுப்பினேன், மாப்பிள்ளை என் காரில்தான் வருவார் என்று. ரோசம் முன்னே போனது, புத்தி பின்னே வந்தது. சத்தத்தை மட்டும் குறைப்பதென்றால் சுகமான வேலை. ஆனால் தை மாதத்து வாடைக்காற்று கடலுக்கு நடுவே போகும் புங்குடுதீவுத் தாம்போதியில் நேரே முகத்தில் அடிக்கும். காருக்குப் பலமும் வேண்டும். மாப்பிள்ளை இறங்கித் தள்ளினார் என்று ஒரு கதை பிறந்தால், மூன்று தலைமுறைக்கு அழியாது.

என் கூட்டாளி மரியதாஸ் ஊர்காவற்றுறைக் கடற்கரைக்காரன். என் வயதுதான். தன் வள்ளத்து எஞ்சினைத் தானே கழற்றித் தானே பூட்டுவான். கொழும்பில் கார் ஓட்டப் போட்டிக்குப் போகிற யாரோ ஒருவரிடமிருந்து எங்கள் எஞ்சினுக்குப் பொருந்துகிற ஒரு காம் சாவ்ற்றை அவன் வாங்கி வந்தான். அதன் மூக்கெல்லாம் செங்குத்தாக எழும்பிச் செங்குத்தாக இறங்கும். "பார், இது பிடிச்சால் காத்தைக் கிழிச்சுக்கொண்டு போகும்" என்றான். நானும் வாயைப் பிளந்துகொண்டு பூட்டினேன். காற்றைக் கிழித்ததோ என்னவோ, காதைக் கிழித்தது. மூக்குகள் வால்வை மெதுவாகத் திறக்கவில்லை, உதைத்துத் திறந்தன. மெல்ல ஓட்டினால் இருமியது, வேகமாக ஓட்டினால் ஊர் நாயெல்லாம் பின்னால் வந்தது. வசந்தி குசினி யன்னலைச் சாத்தினாள். அதுதான் கூட நொந்தது.

பூவரச மரத்துக்குக் கீழே கறுத்த எண்ணெய் மணக்க மணக்க நானும் அவனும் சண்டை பிடித்தோம். அந்த மணம் இப்போதும் எனக்குப் பிடிக்கும். அம்மா என் சாரத்தைத் தோய்க்கமாட்டேன் என்று வேலியில் எறிந்தது அந்த மணத்துக்காகத்தான்.

"ஓட்டப் போட்டிக்காரன் உச்ச வேகத்திலை பறக்கிறதுக்கு வெட்டின மூக்கடா இது. எங்களுக்கு வேண்டியது பாரம் இழுக்கிற மாட்டின்ரை பலம்" என்றேன்.

"அப்ப பாரம் இழுத்ததைத் தேடு" என்றான் அவன், கோபமாக.

கோபத்தில் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னான். வேலணையில் ஒரு வளவுக்குள் சோடாப் போத்தல் ஏற்றித் திரிந்த பழைய வான் ஒன்று கிடந்தது. எங்கள் காரின் எஞ்சின்தான் அதற்கும். அதன் காம் சாவ்ற்றைக் கழற்றிக் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மூக்குகள் தேயவில்லை. மேடு ஏறுவதும் தெரியாமல், இறங்குவதும் தெரியாமல் ஒரு சரிவு. குற்றியைப் பூப்போலத் தூக்கிப் பூப்போல இறக்கி வைக்கும். மெல்ல ஓடும்போதே இழுவை கிடைக்கும். அடுத்தது ரப்பெற். எங்கள் பழைய குற்றிகளின் அடி கிண்ணம்போலக் குழிந்திருந்தது. அவற்றை அந்தத் தண்டின் மேல் வைத்தால் தண்டைத் தின்றுவிடும். பட்டினத்துக் கடை ஒன்றில் ஒரு பெட்டி புதுக் குற்றிகளைக் கொட்டி வைத்துப் பொறுக்கினேன். பாரமானவற்றை விலக்கினேன், ஏனென்றால் பாரமான குற்றி வேகத்தில் துள்ளும், துள்ளினால் தட்டும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் எஞ்சினின் துளையில் ஒவ்வொன்றாய் இட்டு விரலால் சுழற்றி, பொருந்தாததைத் திருப்பிக் கொடுத்து மாற்றினேன். இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. கடைக்காரர் இன்னும் பெண் பார்த்து முடியவில்லையா என்று கேட்டார். எட்டுக் குற்றியும் கிடைத்த அன்று எனக்குத்தான் கலியாணம் நடந்த மாதிரி இருந்தது.

பூட்டி முடித்து ஓட்டிய முதல் பின்னேரம் மரியதாஸ் எஞ்சினை ஓடவிட்டு, அதன் மூடியான பொனற்றின் மேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்தான். தண்ணீர் மெல்லச் சிலிர்த்தது, சிந்தவில்லை. தாம்போதிக்கு விட்டோம். எதிர்க்காற்றில் மூன்றாம் கியரை விடாமலே கார் போனது. நாங்கள் இரண்டு பேரும் நேரே தெருவையே பார்த்துக்கொண்டு போனோம். முகத்தைப் பார்த்தால் பெருமை வெளியே வந்துவிடும் என்று இருந்தோம். இப்போது எனக்கு அந்த வெட்கம் இல்லை. தீவு முழுக்கத் தேடினாலும் அன்று அப்படி ஒரு எஞ்சின் இருக்கவில்லை.

கலியாணத்தன்று மாப்பிள்ளையும் தாய்மாமனும் என் காரில். மற்றச் சனமெல்லாம் பட்டினத்து வானில் பின்னால். தாம்போதியில் வாடை அடித்த அடியில் வான் திணறிப் பின்தங்கிவிட்டது. என் கார் தன்பாட்டில் போனது. மாமன் திரும்பித் திரும்பி வானைத் தேடினார். நான் கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். படலைக்கு முன்னால் பூப்போல நிறுத்தினேன்.

வாசலில் ஒருவரும் இல்லை.

மேளம் இல்லை, ஆலாத்தி இல்லை. பந்தலுக்குள்ளே மேளகாரர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, பெரிய தவில்காரர் சொன்னாராம், "அவன்ரை கார் வேலணை தாண்டக்கையே இஞ்சை கேக்கும். ஆறுதலாக் குடியுங்கோ." ஊரே அந்த நம்பிக்கையில் இருந்திருக்கிறது. சத்தத்தைக் கொன்ற நான், அதைக் கேட்டு எழும்புகிற சனத்தை மறந்துவிட்டேன்.

மாமன் சிவந்துவிட்டார். "இதென்ன மரியாதை? மாப்பிள்ளை வாசல்லை நிக்கிறார், வா எண்டு சொல்ல ஒரு குஞ்சு குருமான் இல்லை. காரைத் திருப்பும்."

இந்த மனிதர் சொன்னால் சொன்னதுதான். திரும்பிப் போனால் வசந்தியின் வாழ்வு என்னால் கெட்டது என்றாகும். மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார். அதுவரை அவர் பேசி நான் கேட்டதில்லை.

"மாமா, கார் வந்தது அவைக்குத் தெரியாது. நிண்டதே எனக்குத் தெரியேல்லை."

"எஞ்சின் நிப்பாட்டிக் கிடக்கெல்லே, பிறகென்னெண்டு கேக்கும்?"

"இல்லை ஐயா, ஓடிக்கொண்டுதான் நிக்குது" என்றேன்.

மாமன் நம்பவில்லை. இறங்கிப் போய்ப் பொனற்றில் உள்ளங்கையை வைத்தார். பிறகு குனிந்து காதையும் வைத்தார், பட்டுச் சால்வை தரையில் இழுபட. திரும்பி வந்து ஏறும்போது அவருடைய குரல் வேறாக இருந்தது. "கலியாண வீட்டு வாசல்லை மாப்பிள்ளைக் கார் பின்னுக்குப் போகக் கூடாது. நேரை விடும். குளத்தைச் சுத்திக்கொண்டு திரும்ப வருவம்." குளத்தடியில் வானும் வந்து சேர்ந்தது. அங்கிருந்து வீடுவரை ஹோர்ணை விடாமல் அடித்தது நான் இல்லை, எட்டிக் கைபோட்டு அவர்தான் அடித்தார். மேளம் தலைதெறிக்க ஓடி வந்தது. நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். அவர் வழக்கப்படி என் விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

அதன் பிறகு சுற்றுவட்டாரத்துக் கலியாணமெல்லாம் என் காரில்தான். வசந்தி மட்டும் அதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் குணம் அது.

அந்த வீடு இப்போது சுவர் மட்டும். மாப்பிள்ளையின் மாமன் இல்லை, மேளகாரர் வெவ்வேறு தேசங்களில். ஊருக்குப் போய் வந்தவர்களிடம் காரைப் பற்றிக் கேட்டபோது, இரும்புக்கு வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்றார்கள்.

நான் அதைக் கடைசியாகப் பார்த்தது தொண்ணூறில், யுத்தத்துக்குப் பயந்து தீவை விட்டுச் சனம் வெளிக்கிட்ட பின்னேரம், அராலித்துறைக் கரையில். வசந்தியின் கைக்குழந்தை இரண்டு நாளாக வெடிச்சத்தத்தில் நித்திரை இல்லாமல் கத்திக் கத்தி, காரில் ஏறிய பிறகுதான் கண் அயர்ந்திருந்தது. கரையில் வள்ளத்துக்குக் காத்துக்கொண்டு நின்றபோது, இருக்கிற எண்ணெய் மிஞ்சட்டும் என்று எஞ்சினை நிறுத்தினேன். உடனே குழந்தை விழித்து வீரிட்டது. எங்களுக்கெல்லாம் கேட்காத அந்த ஓட்டம் அதற்குத் தாலாட்டாக இருந்திருக்கிறது.

"நிப்பாட்டாதை அண்ணை" என்றாள் வசந்தி. "ஓடட்டும்."

திரும்ப ஓடவிட்டேன். குழந்தை அடங்கியது. மரியதாஸின் வள்ளம் வந்தது. மச்சான் பெட்டிகளைத் தூக்கினார், வசந்தி குழந்தையை மெல்ல எடுத்தாள். நான் சாவியில் கை வைத்தேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்படியே விட்டுவிட்டு ஏறினேன்.

கடலில் சத்தம் கேட்டால் சுடுவார்கள் என்று மரியதாஸ் வள்ளத்து எஞ்சினைத் தொடவில்லை. கம்பை ஊன்றித் தள்ளினான். நான் கரையைப் பார்த்துக் காதைக் கூர்மையாக்கினேன். அவனும் கேட்டுக்கொண்டுதான் வந்தான் போலிருக்கிறது.

"கேக்குதோ?" என்று மெல்லக் கேட்டான்.

"இல்லை."

"அப்ப நல்லாத்தான் பூட்டியிருக்கிறம்" என்றான்.

அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.