பிரேக் அக்காவின் பாதங்கள்

“தூங்குற குழந்தையைக் கட்டில்ல விடற மாதிரி விடு கண்ணு, பொத்துனு போடாதே” என்று கிளட்ச் பாடம் நடந்துகொண்டிருக்கிறது. சொல்பவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியை, வயது ஐம்பத்திரண்டு. பக்கத்து இருக்கையில் அமர்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே பாடம் சொல்வார். எதிரே வில்லங்கம் தெரிந்தால் கொறிக்கும் சத்தம் நின்றுவிடும். அந்த மௌனத்துக்குப் பயந்தே மாணவர்கள் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அப்படியும் குறைக்காதவர்களுக்காக அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. “ஸ்டியரிங் உங்க கையில, உயிர் என் கால்ல” என்பார். பிரேக் அக்கா என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நான்கு வருடங்களுக்கு முன் அவருக்கு விரல்கள் வீங்கின. முடக்குவாதம் என்றார்கள். மாத்திரையில் கை அடங்கியது, கால் அடங்கவில்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதுமே, “யாரோ என் பாதத்துக்குள்ள ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க” என்று கணவரிடம் புலம்புவார். டாக்டரிடம் மட்டும் மூச்சுவிட மாட்டார். டாக்டரும் விரல், மணிக்கட்டு, முழங்கால் என்று அமுக்கிப் பார்த்து, “நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு” என்பார். இவரும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். கால் போச்சு என்று தெரிந்தால் வேலையும் போய்விடுமே என்ற பயம்.

ஒருநாள் வங்கிக் காசாளர் அம்மா ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய்ந்தது. பிரேக் அக்கா மிதித்தார். வலி சுரீரென்று முழங்கால் வரை ஏற, பாதம் தானாகப் பின்வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மிதித்தார். ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. ஸ்கூட்டர்காரர் திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். காசாளர் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

“அழாதீங்கம்மா. தப்பு உங்களுது இல்ல, என் காலுது.”

அன்றே சாவியை முதலாளியிடம் கொடுத்தார். “இது சரியாகிற வரைக்கும் யார் உயிரையும் இந்தக் காலை நம்பி விட மாட்டேன் சார்.”

மறுநாள் டாக்டர் வழக்கம்போல் கையைக் கேட்டார். இவர் ஷூவைக் கழற்றி, இரண்டு கால்களையும் பரிசோதனைப் படுக்கையில் நீட்டினார். “இன்னிக்குக் கையை விடுங்க டாக்டர். இதைப் பாருங்க.” விரல்களின் அடிப்பகுதியை டாக்டர் லேசாக அமுக்கியதும் இவர் போட்ட அலறலில் வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்களாம். ஸ்கேனில் மூட்டு மூட்டாக வீக்கம் தெரிந்தது.

“இதை நான் முன்னாடியே பார்த்திருக்கணும்” என்றார் டாக்டர். “உங்க எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாம உங்க மூட்டையே அடிக்குது. அதைத் தடுக்கிற பயாலஜிக் ஊசி இருக்கு. வீக்கம் வடியும். ஆனா ஏற்கெனவே கோணிப்போன விரல் நிமிராது.”

நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தச் சோதனை எல்லாம் முடிந்து ஊசி ஆரம்பமானது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் தொடையில் தானே போட்டுக்கொள்வார். நாளெல்லாம் கண்ணாடி வெட்டும் கணவர் அந்த நேரம் பார்த்துச் சமையலறைக்கு நழுவிவிடுவார்.

மூன்றாவது மாதம் ஒரு காலை. எழுந்து போய்ப் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்குப் பாதியில்தான் உறைத்தது. வாய் நிறைய நுரையோடு கத்தினார்: “ஏங்க, ஜல்லியைக் காணோம்!” கணவர் ஓடி வந்து குனிந்து அந்தப் பாதங்களையே பார்த்தார்.

நடுவில் ஒருமுறை கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து சிவந்தது. “புண் ஆறட்டும், அதுவரைக்கும் ஊசி வேண்டாம். இந்த மருந்து எடுக்கிறப்போ சின்னப் புண்ணையும் லேசா விடக்கூடாது” என்றார் டாக்டர். அதைக் கேட்ட கணவர் தன் கடையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை விளிம்பு தேய்த்து, மரக்கட்டையில் பதித்துக் கொண்டுவந்தார். குளித்ததும் உள்ளங்காலை அதில் பார்த்துவிட்டுத்தான், விரல் நெருக்காதபடி முன்பக்கம் அகலமாக வாங்கிய ஷூவுக்குள் காலை விடுகிறார்.

டாக்டர் சரி என்ற பிறகே சாவியைத் திரும்ப வாங்கினார். போன வாரம் காசாளர் அம்மா தேர்வில் தேறினார். கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்து, ஒருவழியாக வீட்டுக்குக் கிளம்பினார். காரின் கூரைமேல் இருந்த பள்ளிப் பெயர்ப் பலகை காற்றில் சற்றுச் சாய்ந்திருந்தது. பிரேக் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் எம்பி அதை நிமிர்த்தினார். பாதத்தில் ஜல்லி குத்தவில்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி அண்ணாந்து பார்த்தார். பலகை நேராகவே இருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னொரு முறை எம்பினார்.