கள்ளுக் கட்சிக் கூட்டத்துக்குப் போனேன்

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரில் ரயில் ஏறினேன். வேலைக்கும் இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. வயிறு குலுங்கச் சிரிப்பதற்கென்றே ஜொகூரில் பாலோ வரை போகிறவன் அந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

காரணம் என் நண்பன் மாரிமுத்து. பாலோவுக்கு அருகே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். தமிழ்நாட்டுத் தேர்தல் செய்திகளைப் பத்திரிகையில் படித்துவிட்டு, தோட்டத்து மதுவிலக்குச் சங்கத்தார் விளையாட்டாக ஒரு தேர்தல் வைத்திருந்தார்கள். கள்ளுக் கட்சிக்கும் தேநீர்க் கட்சிக்கும் போட்டி. கள்ளை விட்டு ஆறு மாதமான மாரிமுத்துதான் கள்ளுக் கட்சி வேட்பாளர். குடிகாரனாக மேடையேறி, கள்ளைப் புகழ்ந்தே அதன் மானத்தை வாங்கப் போவதாக எழுதியிருந்தான்.

கூலாய் ஸ்டேஷன் தாண்டியபின் ஜன்னலில் ரப்பர் மரங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு அலுக்கவில்லை. அவன் என்ன பேசுவான் என்று நானே நினைத்து நினைத்துச் சிரித்தேன். எதிரே இருந்த சீனப் பெரியவர் தன் கோழிக்கூடையை என்னிடமிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

பகல் ஒரு மணிக்குப் பாலோ. அங்கிருந்து தோட்டம் மூன்று மைல். மாட்டு வண்டிக்கு இருபது காசு. வண்டிக்காரர் ராமையாவும் அதே தோட்டத்துக்காரர். கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். சிரிப்பார் என்று பார்த்தால் தலையைச் சொறிந்தார். மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை வரமாட்டேன் என்கிறாளாம். வீட்டில் பார்த்த கூத்து போதாதா, மேடையில் வேறு பார்க்க வேண்டுமா என்றாளாம்.

“அது வராட்டி இவன் பேச மாட்டான். காலையிலேருந்து சோறு தின்னல,” என்றார் ராமையா.

எனக்குச் சுருக்கென்றது. அஞ்சலை பட்ட பாடு எனக்குத் தெரியும். அவன் கடிதம் வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அவள் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை.

மாலை நான்கு மணி. விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்தான் கூட்டம். கட்சிக்கு ஒன்றாக இரண்டு மண்ணெண்ணெய் டின்கள். ஆளுக்கொரு ரப்பர் கொட்டை, அதுதான் ஓட்டு. தேநீர்க் கட்சிக்காரர் பேச்சில் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். அடுத்து மாரிமுத்து வெறுங் கலயத்தோடு பெஞ்சியில் ஏறி, கூட்டத்தைக் கண்ணால் துழாவினான். கடைசி வரிசையில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு அஞ்சலை நின்றாள். அவனுக்கு உயிர் வந்தது. என்னை ஜெயிக்க வைத்தால் கள்ளுக் கடையிலிருந்து லயத்து வீடுகளுக்குப் போகிற வழியில் உள்ள சாக்கடைக்கெல்லாம் மெத்தை போடுவேன் என்றான். வீட்டு வாசல்களை இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டித் தருவேன் என்றான். பிறகு இறங்கித் தள்ளாடி நடந்து காட்டினான். களமே சிரித்தது.

அஞ்சலை சிரிக்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் வந்தாள். சிரிப்பு அடங்கிப் போயிற்று.

“நீ அப்படியா நடப்ப? மொதல்ல செவுத்தப் புடிப்ப. அப்புறம் என் பேரச் சொல்லி அழுவ,” என்று கலயத்தைப் பிடுங்கித் தானே நடந்து காட்டினாள்.

அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. மாரிமுத்துவும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். கடைசியில் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் தன் கொட்டையைத் தேநீர் டின்னில் போட்டான்.

ஆறரைக்கு மாட்டு வண்டி ஏறும்போது, அடுத்த கூட்டம் எப்போது என்று மாரிமுத்துவைக் கேட்டேன்.

“ஒரு தடவ போதும்ண்ணே. இனிமே இத நடிக்கக்கூட வேணாம்,” என்றாள் அஞ்சலை. “வேணாம், எப்பவும் வேணாம்,” என்று அவன் தலையாட்டினான்.

சிங்கப்பூரில் எத்தனையோ கூட்டம் கேட்டிருக்கிறேன். வேட்பாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்று நம்பி எழுந்து வந்தது இந்த ஒன்றில்தான்.