ஏழாம் நம்பர் கிளை

தொண்ணூற்றெட்டில் என் கணவர் சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்புவதற்குள் சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்திருப்பார். கடுகு எங்கே என்று கேட்டால் இடமிருந்து நாலாவது என்பார்.

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் ஜெர்மன்காரம்மா ஒருவர் வாடகைக்கு இருந்தார். கணவர் இறந்த பிறகு தனியாக இங்கே வந்து தங்கியவர். அந்த மார்கழியில் கண் ஆபரேஷனுக்காகத் தன் ஊருக்குப் போனபோது ஒரு தொட்டிச் செடியையும் ஒரு புத்தகத்தையும் எங்களிடம் விட்டுப் போனார். செடி, பெங்களூர் நர்சரியில் வாங்கிய ஜூனிபர் என்ற ஊசியிலைச் செடி. முழங்கை உயரத்தில், எல்லாப் பக்கமும் புதராக மண்டியிருந்தது. புத்தகம் போன்சாய் மரங்களைப் பற்றியது, ஜெர்மன் மொழியில். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

என் கணவர் மூன்று நாள் புத்தகத்தின் படங்களைப் பார்த்தார். பிறகு, அதே மாதிரி செய்து வைக்கத்தான் அந்தம்மா இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் என்று முடிவு செய்தார். அப்படி அவர் சொல்லவில்லையே என்றேன்.

"பின்ன புத்தகம் எதுக்கு? தண்ணி ஊத்துறதுக்கா?" என்றார்.

இலைகளை விலக்கி அடிமரத்தை அளந்தார். கிராஃப் தாளில் செடியை வரைந்து, கிளைகளுக்கு நம்பர் போட்டார். மொத்தம் பதினொன்று. ஒரே இடத்திலிருந்து கிளம்பிய இரண்டுக்கு 4அ, 4ஆ. வெட்ட வேண்டியவை சிவப்பு மையில். பக்கத்து நிலத்துக்காரர் என்று என்னிடம் கையெழுத்து கேட்பாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

வெட்டி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. உள்ளே மறைந்திருந்த அடிமரம் லேசாக வளைந்து வெளியே தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

அடுத்தது, மிச்சக் கிளைகளில் செம்புக் கம்பி சுற்றி வளைப்பது. தேரடித் தெருவில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த பாயிடம் கம்பி வாங்கி வந்தார். எதற்கென்று கேட்ட பாய், விஷயத்தை நம்பாமல், கடையைச் சாத்திவிட்டு ஞாயிறு சாயங்காலம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இவருக்கு அதுவரை பொறுமை இல்லை. ஞாயிறு காலை நான் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தபோது முற்றத்தில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஏழாம் நம்பர் கிளை அவர் கையில் இருந்தது, பாதிக்கு மேல் முறிந்து. அவர் வரைந்த படத்தின் அழகெல்லாம் அந்தக் கிளையை நம்பித்தான் இருந்தது.

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க நெலத்த அளந்தேன். ஒரு கல்லக்கூட தள்ளி நட்டதில்ல" என்றார். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் பாய் வந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. முதலில் கம்பியை என் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவைத்தார். அப்போதுதான் கம்பி இளகும், கிளை முறியாது என்றார். மேல்பூச்சு எரிந்த வாடை இரண்டு நாளைக்குச் சாம்பாரில் இருந்தது. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றுவதைப் போல ஒவ்வொரு கிளையிலும் ஒரே சீராகக் கம்பியைச் சுற்றி, இரண்டு கட்டைவிரலால் அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தார். முறிந்த கிளைக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பாய் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார். படத்திலிருந்த மரத்தில் ஒரு கிளை பட்டையே இல்லாமல் எலும்பு மாதிரி வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இவங்களுதும் ஒடைஞ்சிருக்கு சார். மறைக்கல. தோல உரிச்சி அப்டியே உட்டுட்டாங்க."

கட்டிங் பிளேயரால் இருவரும் ஏழாம் நம்பரின் பட்டையை உரித்தார்கள். என் கணவர் வரைபடத்தில் அதன் பக்கத்தில் 'தரிசு' என்று எழுதினார். அன்று ராத்திரி இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

பங்குனியில் அந்தம்மா திரும்பி வந்தார். அன்றைக்கென்று என் கணவருக்கு அடி அண்ணாமலையில் அவசர வேலை வந்துவிட்டது. நான்தான் செடியைக் காட்டினேன். முறிந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எனக்குப் புரியும் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். புத்தகம் அவர் கணவருடையது. செடி கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அந்த மனிதர் பதினோரு வருஷம் புத்தகத்தைப் படித்தாரே தவிர, ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை. அவர் ஞாபகமாகத் தானே செய்து பார்க்கலாம் என்று செடி வாங்கிய அந்தம்மாவுக்கும் கத்தரி எடுக்கத் தைரியம் வரவில்லை. வெள்ளைக் கிளையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த வரைபடத்தைக் கையில் எடுத்தார்.

இருட்டிய பிறகு என் கணவர் வீட்டுக்கு வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"திட்டல. வரைபடத்தக் கேட்டாங்க, குடுத்துட்டேன்."

அதை அந்தம்மா சட்டம் போட்டு மாடியில் மாட்டினார்.

சுற்றிலும் ஈரச் சாக்குக் கட்டி இரண்டு கோடையைத் தாண்டவைத்தோம். மூன்றாவது சித்திரையில் செடி செத்துவிட்டது. ஜூனிபர் செத்த பிறகும் பல நாள் பச்சையாகவே இருக்குமாம். தெரியாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். பாய் வந்து நகத்தால் பட்டையைச் சுரண்டி, போய் ரொம்ப நாளாயிற்று என்றார். என்றைக்கு என்று கேட்டார் என் கணவர். அது யாருக்கும் தெரியவில்லை.

அந்தம்மா அடுத்த முறை பெங்களூர் போனபோது இரண்டு ஜூனிபர் வாங்கி வந்தார். ஒன்றை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, மற்றதை மாடிக்கு எடுத்துப்போனார். சாயங்காலம் மேலேயிருந்து கத்தரிச் சத்தம் கேட்டது. நடுவில் கொஞ்ச நேரம் நின்று, மறுபடியும் கேட்டது. என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படி வரை போனார். போகாதீங்க என்று சொன்னேன். கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.